கஞ்சி போட்ட மஃப்ளர்

கோமதி,

நீ நன்கு உறங்குவதால் எழுப்பவில்லை. இட்லி ஹாட்பாக்ஸில் உள்ளது. பாலைக் காய்ச்சி வைத்துள்ளேன்.

தாரணிக்காக நீ இரண்டு மாதம் பின்னிய கம்பளி மஃப்ளருக்கு, என் வேட்டிகளோடு சேர்த்து நான் கஞ்சி போட்டது பெரும்பிழை. மடிப்புக் கலையாமல் கனடா போய்ச் சேரட்டும் என்று எண்ணினேன். அது பலகையாய் விறைத்துவிட்டது. "இதை அவ கழுத்துல சுத்தணுமா, கதவுக்கு முட்டுக் கொடுக்கணுமா?" என்று நீ கேட்டது நியாயமே. அதன்பின் இரண்டு நாளாக நீ என்னோடு பேசவில்லை.

இன்று விடியலில் அதைப் பச்சைத் தண்ணீரில் மும்முறை அலசி, மின்விசிறியின் கீழ் விரித்திருக்கிறேன். ஒரு நுனி மட்டும் இன்னும் இளகவில்லை. அதே அரக்கு நிற நூல் வாங்கத் தியாகராய நகர் செல்கிறேன். அந்நுனியை நீ பிரிக்காதே. உன் மணிக்கட்டு வலி கூடும். வந்து நானே பிரித்துத் தருகிறேன்.

தாரணியின் தோழி ஹம்சினி நாளை விமானம் ஏறுகிறாள். பொட்டலத்தை வாங்க இன்று நான்கு மணிக்கு வருவாள்.

இங்ஙனம்,
மாணிக்கவாசகம்

பி.கு.: மகளுக்கு அனுப்பும் பொருளில் என் கையும் பட்டிருக்கட்டும் என்கிற ஆசையும் எனக்கு இருந்தது.

மற்றொன்று: காலையில் தாரணி அழைத்தாள். நடந்ததைக் கூறினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அது கிடக்கட்டும்ப்பா, அம்மா உங்ககூடப் பேசுறாங்களா?" என்றாள். பேசுகிறாள் என்று பொய் சொல்லிவிட்டேன். மாலையில் மீண்டும் அழைப்பாள். அதற்குள் நீ அதை மெய்யாக்கிவிட வேண்டும்.