மாடு முட்டிய கேசு

9-11-78, வியாழன்

காலையில் இரண்டு ஜாக்கெட், ஒரு கால்சட்டை. ஒற்றைக் காலால் மிஷினை மிதித்தால் தையல் வரப்பில் நடக்கிற மாதிரி வளைந்து வளைந்து போகிறது. கால்சட்டைக்காரர் நல்ல மனுஷன். வெளியே போய் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. மூன்று மாதம் ஆகிவிட்டது. தஞ்சாவூரில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் மடங்கும் என்கிறார் டாக்டர். செலவைச் சொன்னார். நன்றாக இருக்கிற காலும் மரத்துப் போயிற்று.

பக்கத்து டீக்கடை செல்லையனிடம் வந்த ஆள் கேட்டார், எப்படி ஆச்சு மாஸ்டர் என்று. சொன்னேன். செவலை மாடு, இடது கொம்பு முறிந்தது, வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று நடித்துக் காட்ட முடியவில்லையே என்பதுதான் எனக்குக் குறை. அஞ்சுகம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. வீட்டில் சொல்கிறது:

"அப்பா, போன வாரம் அதுக்கு ரெண்டு கொம்பும் இருந்துச்சே."

பத்தாவது படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு கதை சொல்லக் கூடாது.

12-11-78, ஞாயிறு

மாடே கிடையாது. இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன்.

ஆடி வெள்ளி அன்று நடந்தது இது. என் மனைவி ஞானசௌந்தரியின் தம்பி தெட்சிணாமூர்த்தி நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வேலை நிரந்தரமானால் முனீஸ்வரனுக்குச் சாராயம் வைத்துப் படைப்பதாக வேண்டிக்கொண்டான், நிரந்தரமும் ஆயிற்று. அங்கே மதுவிலக்கு. சாமிக்கு வேண்டியது எங்கள் காரைக்காலிலிருந்துதான் போக வேண்டும், எல்லாரும் கொண்டு போவதுதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். பிறந்ததிலிருந்து சாராயத்தைத் தொடாத நான், பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன். பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால் ஒரு தனியார் பஸ் பின்னாலிருந்து இடித்துவிட்டு நிற்காமல் போனது. மச்சினன் நம்பரைப் பார்த்தான். வேறு யாரும் பார்க்கவில்லை.

வேட்டியெல்லாம் சாராயம். ஆஸ்பத்திரியில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பஸ் என்றால் போலீஸ் வரும், பாட்டில் யாருக்கு என்று கேட்கும். சர்க்கார் வேலைக்காரனுக்கு அது ஆகுமா? "மாடு முட்டிடிச்சுங்க" என்றான். எழுதிக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

கன்று போட்டவன் அவன். புல் போட்டு வளர்த்தது நான். பார்க்க வந்தவருக்கெல்லாம் ஒரு பிடி.

20-11-78, திங்கள்

வக்கீல் பீர் மைதீன் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. எண்ணி ஏறினேன். பிரெஞ்சுக்காரன் காலத்து நாற்காலி ஒன்று போட்டார், காலை நீட்டினால் அவர் மேஜைக்கு அடியில் போய் அவர் செருப்பைத் தொடுகிறது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"மாடு இன்சூரன்ஸ் பண்ணியிருந்துச்சா மாஸ்டர்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நஷ்ட ஈட்டுக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், முதலில் போலீசில் உண்மையை எழுதிக் கொடுங்கள் என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "உங்க மச்சினர் கூண்டுல ஏறி, பொய் சொன்னது நான்தான்னு சொல்லணும். வேற வழி கிடையாதுங்க."

"அவர் வேலைக்கு ஆபத்து வருங்களே."

"வரும். நான் இல்லைன்னு சொல்லலையே."

அவர் கறுப்புக் கோட்டு இடது தோளில் சுருங்கிக் கிடக்கிறது. யார் தைத்ததோ. கை துறுதுறுத்தது.

3-12-78

பகலில் கண்ணயர்ந்தேன். மாடு கடைக்குள் வந்து கட்டிங் மேஜை பக்கத்தில் படுத்துக்கொண்டது. அசை போடுகிற சத்தம் மிஷின் சத்தம் மாதிரியே இருந்தது. கடல் காற்று அடித்தது. பயமே இல்லை. விழித்த பிறகு அந்த பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். ஒரு இரைச்சல், அப்புறம் வானம். அவ்வளவுதான் வருகிறது. மாட்டின் கண்ணிமை மயிர்கூட எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் நின்று நான் சாட்சி சொல்லப் போகிறேன்?

12-1-79, வெள்ளி

மச்சினன் பொங்கல் சீர் கொண்டுவந்தான். கரும்பு, பச்சரிசி, மஞ்சள் கொத்து. சாப்பிட்ட பிறகு சொன்னான்:

"அத்தான், உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். கோர்ட்டுக்கு என்னை இழுக்காதீங்க. ரெண்டு புள்ள இருக்கு."

எந்தக் காலை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஞானசௌந்தரி சீர்ப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவினதையே கழுவினாள்.

5-2-79

மனுப் போட்டாயிற்று. கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் மிச்சம். மச்சினனுக்குச் சம்மன் வேண்டாம் என்று வக்கீலிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப உங்க வாய் ஒண்ணுதான் மாஸ்டர் நமக்குச் சாட்சி" என்றார். என் வாயைப் பற்றி இன்னும் அவருக்குத் தெரியாது.

22-8-79

வாய்தா.

14-11-79

வாய்தா. கோர்ட்டு வராந்தாவில் நல்ல காற்று. தூங்கிவிட்டேன்.

17-6-80, செவ்வாய்

ஐயோ, இதை எப்படி எழுதுவது.

பஸ் இன்சூரன்ஸ் தரப்புக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு வக்கீல். முதலில் செல்லையனைக் கூப்பிட்டார். பாவம், அவன் என்ன செய்வான், மாடு முட்டிச்சுன்னு மாஸ்டர்தான் சொன்னாருங்க என்றான். அப்புறம் நான்.

பஸ் என்ன நிறம்? தெரியவில்லைங்க. முன்னால் என்ன எழுதியிருந்தது? பார்க்கலைங்க. டிரைவர்? தெரியாதுங்க. ரொம்ப அன்பாகத்தான் கேட்டார். நானும் அன்பாக பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அதே குரலில், "மாடு என்ன நிறம்?" என்றார்.

"செவலைங்க."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொம்பையும் சொல்லியிருப்பேன், அதற்குள் கோர்ட்டே சிரித்துவிட்டது. ஜட்ஜ் ஐயாவும் குனிந்துகொண்டார். பீர் மைதீன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது நானும் சிரித்துத்தான் சொன்னேன். அஞ்சுகம் சிரித்தது. ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. சோறு வைத்தாள். நான் வழக்கம்போலத் தட்டுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டேன். இரண்டு வருஷமாகச் சோற்றுக்கு எதிரே கால். பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

19-6-80, வியாழன்

காலை பஸ்ஸில் தனியாகத் தம்பி வீட்டுக்குப் போனவள் பொழுது சாயத் திரும்பினாள். "வர்றானாம்" என்றாள்.

"அவன்கிட்ட என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலைங்க. அவன் பொண்டாட்டி இலை போட்டா. உங்கள மாதிரி காலை நீட்டிக்கிட்டு உக்காந்து சாப்பிட்டேன். ஏன்க்கா இப்படி உக்காந்திருக்கேன்னு கேட்டான். சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லியும் போயிருக்கிறாள். வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. என்னமோ ஒன்று வந்தது.

15-7-80, செவ்வாய்

வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மேல் பையில் ஆபீஸ் பேனா. கூண்டில் ஏறி ஒரே மூச்சில் சொன்னான். மாடு நான் சொன்ன பொய். பஸ்தான் இடித்தது, நம்பர் இது, நிறம் பச்சை. பாட்டில் எனக்காகக் கொண்டுவந்தது. என் வேலைக்குப் பயந்து மாற்றிச் சொன்னேன்.

எதிர் வக்கீல் விடவில்லை. "அந்தச் சாராயத்தை உங்க அத்தான் குடிச்சிருந்தாரா?"

"அவரு குடிக்க மாட்டாருங்க. அது சாமிக்கு."

"சாமி குடிச்சுதா?"

"இல்லீங்க. ரோடு குடிச்சிடிச்சு."

யாரும் சிரிக்கவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எந்த ஆபீஸ் என்றும் கேட்டார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். இருவரும் ஆறவிட்டே குடித்தோம். பச்சையா? பச்சை என்று அவன் சொன்ன பிறகு கண்ணை மூடிப் பார்க்கிறேன். பச்சையாக ஒன்று மெதுவாக வருகிறது. வரட்டும்.

6-3-81, வெள்ளி

தீர்ப்பு. கேட்டதில் பாதி. ஆபரேஷனுக்குப் போதும். வக்கீல், "மாஸ்டர், இனிமே நம்ம ரெண்டு பேரும் மாட்டைப் பத்திப் பேச வேணாம்" என்றார். அந்தக் கோட்டைக் கழற்றிக் கொடுங்கள் என்று வாங்கிவந்து தோளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

9-5-81, சனி

இந்த மாதத்திலிருந்து அந்தப் பக்கமும் சாராயக் கடை திறந்துவிட்டார்கள். பாலத்தில் இப்போது யாரும் மடியைத் தடவிப் பார்ப்பதில்லையாம்.

இதே வாரத்தில் மச்சினனுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. யாரோ பேர் போடாமல் எழுதிப் போட்ட கடிதம், கோர்ட்டில் சொன்னதெல்லாம் அப்படியே இருந்ததாம். இரண்டு இங்கிரிமெண்ட் வெட்டு. பட்டுக்கோட்டைக்கு மாற்றல். பெண்டாட்டி பிள்ளையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறான்.

போய்ப் பார்த்தேன். "வேலை போகலையே அத்தான், அது போதும்" என்றான். என்னைத் தேற்றுகிறான். நான் என்னவோ வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன்.

26-6-81

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாகக் கனவில் ஒரு சத்தமும் இல்லாத வயல்வெளி. மேகத்து நிழல் போகிறது, வருகிறது. நடந்துகொண்டே இருக்கிறேன், எங்கேயும் போகவில்லை.

18-10-81, ஞாயிறு

தீபாவளிக்கு ஒன்பது நாள். கடை நிறையத் துணி. கால் முக்கால்வாசி மடங்குகிறது, இரண்டு காலாலும் மிதிக்கிறேன். தையல் நேராகப் போகிறது.

கூலித் துணிகளை ஒதுக்கிவிட்டு இன்று முதலில் தெட்சிணாமூர்த்திக்குச் சட்டை வெட்டினேன். ஐந்து மாதமாக ஓட்டல் சாப்பாடு, இளைத்திருப்பான் என்று மார்பில் ஒரு அங்குலம் குறைத்தேன். வெட்டி முடித்த பிறகு மனசு கேட்கவில்லை. வேறு துணி எடுத்துப் பழைய அளவிலேயே மறுபடி வெட்டினேன். பக்கத் தையலில் உள்ளே இரண்டு விரல் துணி விட்டிருக்கிறேன், பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஞானசௌந்தரி பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள்.