தெரிகிற கண்ணையும் காட்டு

அன்புள்ள மணிமாறனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் நலம். அங்கே குவாஹாட்டியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், உன் நலம் கேட்டுக்கொண்டுதான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், எனக்கும் நேரில் அழுத்திப் பேசத் தெரியாது, உனக்குத் தெரிந்ததுதான். போன வாரம் ஒரு கண் டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வா சாமி என்றதற்கு, ரூமிலேயே போனில் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன், கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் தெரியுது என்றாய். உன் அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது, எனவே முழுக்கப் படி.

எனக்குக் கண்ணில் ஏதோ அழுத்தம், மருந்து விடுகிறேன் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன், பரீட்சை நேரத்தில் உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நடந்தது இதுதான். இந்த வயதில் நான் படிக்கப் போகிற பி.எட். கல்லூரிக்கு ஆவணி மாதம் சேலத்திலிருந்து கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். யாரும் பெயர் கொடுக்கவில்லை. இருபது வயதில் எங்களுக்கு என்ன கண் கோளாறு என்று பிள்ளைகள் நினைத்தது ஒரு பக்கம், கண்ணாடி போடச் சொல்லிவிட்டால் ஜாதகம் எடுக்கிற நேரத்தில் அது ஒரு பேச்சாகிவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். என் வகுப்பில் ஹெலன் என்று ஒரு பெண், சூரமங்கலத்திலிருந்து வருகிறாள், அப்பா ரயில்வேயில் வேலை, என்.எஸ்.எஸ். வேலையெல்லாம் அவள்தான் பார்ப்பாள். முகாமுக்கு வராவிட்டால் போகட்டும், போனில் ஒரு விளையாட்டு மாதிரி பார்க்கலாம் வாருங்கள் என்று எல்லாரையும் வராந்தாவுக்கு இழுத்துவிட்டாள். கோடு போட்ட இடத்தில் நாம் நின்று ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும், அவள் தள்ளி நின்று போனைப் பிடிப்பாள், அதில் ஆங்கில ஈ எழுத்து சீப்பு மாதிரி திரும்பித் திரும்பி வரும், சீப்பின் பல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும். வரவரப் பொடிசாகும். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம், நீ முந்தி நான் முந்தி என்று வரிசையில் நின்றார்கள்.

எனக்கோ அத்தனை பேர் முன்னால் நின்று கையை நீட்டவே வெட்கம். வலது கண்ணுக்குக் கடைசி எழுத்து வரை சொல்லிவிட்டேன். வலதை மூடி இடதைத் திறந்தால் எழுத்தே இல்லை மணி, ஹெலனின் சுடிதார் நிறம் மட்டும் புகைக்குள் நிற்பது போல் இருந்தது. அத்தனை காலம் ஒரு கண்ணிலேயே குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாது. நான் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பின்னாலிருந்து தீபிகா என்கிற பிள்ளை, அக்கா மேலே, அக்கா இப்போ சோத்தாங்கைப் பக்கம் என்று கிசுகிசுத்தாள். இந்தப் பிள்ளைகள் அப்படித்தான், வகுப்பில் நான் பாடம் நடத்திக் காட்டும்போது வார்த்தை திக்கினால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள், வயதில் மூத்தவள், கூச்சக்காரி, அக்கா தோற்றுவிடக் கூடாது என்று அவர்களுக்கு. நானும் சொன்ன பக்கமெல்லாம் கையை நீட்டிவிட்டேன், கண்ணுக்குப் பழுதில்லை என்று எல்லாரும் கை தட்டினார்கள். ஹெலன் மட்டும் தட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அவ சொன்னதுக்கப்புறந்தான் உங்க கை போச்சு, நான் பாத்துட்டுதான் இருந்தேன். இது பரீட்சை இல்லீங்க அக்கா, இதுல பெயிலானாத்தான் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கிடைக்கும்" என்றாள். பிறகு ஆளில்லாத லைப்ரரிக்குக் கூட்டிப்போய் மறுபடி பார்த்தாள். பெரிய எழுத்துக்கே கை எழவில்லை. பயப்படாதீங்க என்று சொன்னாளே தவிர, அவள் முகத்தில் பயம் இருந்தது. வகுப்பில் எப்போதும் இடது ஓரத்தில்தான் நான் உட்காருவேன், கூச்சம் என்று நானே நினைத்திருந்தேன், எல்லாரும் தெரிகிற கண் பக்கம் இருக்கட்டும் என்றுதான் உடம்பு அந்த இடத்தைத் தேடியிருக்கிறது.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் அவளே சேலத்துக்குக் கூட்டிப்போனாள். உன் அப்பா லாரியில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போயிருந்தார். டாக்டரம்மா என் கண்ணில் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்காவது பார்வை போயிருக்கிறதா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. உன் அப்பச்சிக்கு, என் அப்பாவுக்கு, கண் தெரியாமல் போனதை நம் வீட்டில் யாரும் நோயாக நினைத்ததே இல்லை, வயதாகிவிட்டது, காட்டு வெயில் கண்ணைத் தின்றுவிட்டது என்றுதான் பேசினோம். கொஞ்ச நேரம் கழித்து மனது கேளாமல், எங்கள் அப்பாவுக்கு வயதாகித் தெரியாமல் போனதுங்க என்றேன். எந்த வயதில் என்று கேட்டார். ஐம்பது தாண்டியிருக்கும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது வயசு இல்லைம்மா, அதே நோய்தான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை நினைத்து இல்லை, எங்கள் அப்பா கடைசி வரை தடவித் தடவி நடந்ததை, வைத்தியம் இருக்கிறது என்று தெரியாமலே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று.

கிளாக்கோமா என்று பெயர், கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்குமாம், வலிக்காதாம். இடது கண்ணில் போன பார்வை இனி வராது. நீ கவனமாகப் படிக்க வேண்டியது இதற்கு அடுத்தது. என் வலது கண், போனில் கடைசி எழுத்து வரை சொன்ன கண், அதிலும் அழுத்தம் இருந்தது, ஓரத்தில் நரம்பு பாதிக்க ஆரம்பித்திருந்தது. நேரே இருக்கிற எழுத்தைத்தான் போன் காட்டும், ஓரத்தில் பார்வை அழிவதை அது காட்டாது, அதனால்தான் போனில் நன்றாகத் தெரிகிறவர்களையும் ஒரு தடவை டாக்டரிடம் வரச் சொல்கிறோம் என்றார். இப்போதே வந்துவிட்டதால் அந்தக் கண்ணை மருந்தால் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அந்தப் பெண் குழாயடிக்கு வந்து நிற்காமல் இருந்திருந்தால் அதையும் இழந்திருப்பேன். இந்த நோய் பரம்பரையாக வீட்டுக்குள் இறங்கும், மகன் இருந்தால் அவசியம் காட்டச் சொல்லுங்கள் என்பதுதான் டாக்டர் கடைசியாகச் சொன்னது.

கண்ணை விரிக்க மருந்து விட்டிருந்ததால் எதிரில் இருப்பது ஒன்றும் புரியவில்லை, ஹெலன் என் கையைப் பிடித்து அவர்கள் வீட்டுக்கே கூட்டிப்போனாள். அவள் அம்மா இசபெல்லா தட்டில் சோறு போட்டு எதையோ வறுத்து வைத்தார்கள். மசாலா வாசம் மீன் மாதிரியே இருந்தது, புரட்டாசிச் சனிக்கிழமையாயிற்றே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். "தைரியமாச் சாப்பிடுங்க, அது வாழக்கா வறுவல். நீங்க இந்த மாசம் கவுச்சி தொடமாட்டீங்கன்னு எம்மவ காலையிலயே மீன்கூடைக்காரியத் திருப்பி அனுப்பிட்டா" என்று இசபெல்லா சிரித்தார்கள். அந்த வீட்டுச் சோற்றை நான் மறக்க மாட்டேன். தீபிகாதான் திங்கட்கிழமை வந்து, உதவி செய்யறதா நெனச்சேனுங்க அக்கா என்று விசும்பினாள், அடுத்து வந்த முகாமுக்கு முதல் பெயர் அவள் பெயர்தான், அவளைப் பார்த்து வகுப்பே கிளம்பியது. இப்போது கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு வருகிறாள், வேப்பமரத்தில் இலை தனித்தனியாகத் தெரியுதுங்க என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கொச்சியிலிருந்து வந்ததும் உன் அப்பாவிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏம்புள்ள, நான் ரிவர்ஸ் எடுக்கையில பின்னால நின்னு வா வான்னு கையாட்டுறவ நீ. தண்ணித் தொட்டில இடிச்சதுக்கு இத்தன நாளா என்னத்தானே நான் வஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் இருந்தால் சாயங்காலம் அவரேதான் மருந்து விடுகிறார், லோடு போனால் எந்த ஊரில் இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மருந்து உட்டாச்சா என்று கூப்பிடுகிறார். லாரிக்காரர் கையில் பாட்டில் எவ்வளவு பதமாக நிற்கிறது என்று நீ பார்க்க வேண்டும்.

உனக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை சாமி, இல்லாமலே இருக்கட்டும் என்று சேந்தமங்கலம் பெருமாளை வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் தெரிகிறது என்பதை வைத்துக்கொண்டு நீ சும்மா இருக்காதே, உன் அப்பச்சிக்கும் ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அங்கே உள்ள மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவு இருக்கிறது, ஹெலன் விசாரித்துச் சொன்னாள். வரும் சனிக்கிழமை போ. அம்மாவுக்கும் அம்மாவின் அப்பாவுக்கும் இருக்கிறது என்று அவர்கள் கேட்கும் முன்பே சொல், என்னைப் போல் இல்லை என்று சொல்லிவிடாதே. தனியாகப் போகாதே, அறை நண்பனைக் கூட்டிக்கொள், சாலை கடக்க அவன் கையைப் பிடித்துக்கொள்ள வெட்கப்படாதே. நெய் பார்சல் போட்டிருக்கிறேன், கெட்டியாகிவிட்டால் வெயிலில் வை. நீண்ட ஆயுளும் குறையாத கண்ணும் பெற்று நீ நினைத்ததையெல்லாம் படித்து முடிக்க எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. கண்ணை விரிக்கிற மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் உனக்கு எழுத்து தெரியாது, அதனால் மெசேஜ் தட்டிக்கொண்டிருக்காதே, கூப்பிட்டு வாயால் சொல். சனிக்கிழமை முழுக்க நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன் அம்மா
ஜோதி