காபியோடு போட்ட மாத்திரை

டிப்போ அறையில் கோபமாகப் படுத்திருக்கும் என் டிரைவர் ஐயாவுக்கு,

குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! என் சோம்பலும் இல்லை, உங்கள் முன்கோபமும் இல்லை. நம் வீட்டுக் காபி!

"தூங்குமூஞ்சி" என்று கத்திவிட்டு நீங்கள் கதவை அறைந்து சாத்தி டிப்போவுக்கே போய்விட்டீர்களே, மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். கழுத்தில் இருக்கும் தைராய்டுதான் உடம்பையே ஓட்டுகிறதாம். என்னுடையது சரியாகச் சுரக்காததால்தான் மாத்திரை. அதை ஒரு நாள் விடாமல் விழுங்கியும் ஏன் முகம் வீங்குகிறது, ஏன் பகலெல்லாம் தூங்கி வழிகிறேன் என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"மாத்திரைய எதோட போடுறீங்க?"

"காபியோடதான் டாக்டர். எங்க வீட்டுக்காரர் ரெண்டையும் ஒண்ணாக் கொண்டாந்து குடுப்பார்."

அவர் சிரித்தேவிட்டார். "காபியோட போட்டா மருந்து உடம்புல சரியா சேராதும்மா. வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி குடிங்க."

அவ்வளவுதான்! மறுபடி ரத்தம் சோதித்து ரிப்போர்ட் வரும்வரை உங்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று வந்துவிட்டது. எல்லாம் சரியான அளவு! மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு சங்கடம். ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறு மணிக்குக் காபி. நடுவில் அந்த ஒரு மணி நேரம் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. உங்கள் பஸ் ஏழு மணிக்குத்தானே கிளம்புகிறது?

இப்படிக்கு,
விடியுமுன்பே விழித்துக்கொள்ளும்
உங்கள் தூங்குமூஞ்சி