சந்தனம் பூசிய கயிறு

கெலாங் பாத்தா
12-3-1934

என் கண்ணான மகன் சுப்ஹானுக்கு வாப்பா சொல்லும் சலாம். அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் உனக்கு மூத்தவள் லாத்தா ஜெய்னம்பும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், சண்டாக்கானில் நீயும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான், வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. லாத்தாவின் ஆடு இரண்டு குட்டி போட்டது. நீ சொந்தமாகப் பாய்ப்படகு வாங்கிய சேதி படித்து உம்மா அழுதாள், எனக்கு ஆத்திரம்தான் வந்தது. படகு வாங்கியதற்கு இல்லை. பாய் ஏற்ற நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தர்கா கந்தூரிக் கொடிக்கயிற்றை அனுப்பச் சொன்னாயே, அதற்கு. போதாக்குறைக்கு, வேலுவைப் போல் கட்டத் தெரியாதவன் இல்லை நான், முடிச்சை நானே போடுவேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த வரியில் யாரோ என் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

என் மூத்த மகன், உன் காக்கா லியாக்கத் அலி மவுத்தானபோது உனக்கு ஒன்பது வயது. படகில் வேலை பார்த்த வேலுவின் முடிச்சு அவிழ்ந்து செத்தான் என்று உனக்கும் ஊருக்கும் சொன்னேன். இப்போது உண்மையைக் கேள். அந்த வருஷம் தர்கா கொடிமரத்துக்குப் புதுக் கயிறு மாற்றினார்கள். பழையதில் ஒரு சாண் கிடைத்தாலும் பரக்கத் என்று படகின் மூக்கில் கட்ட எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். நான் சண்டை போட்டு முழுக் கயிற்றையும் கொண்டுவந்தேன், அதிலேயே பாயை ஏற்றினால் கடல் நம்மைத் தொடுமா என்ற திமிர். வேலு அதை நசுக்கிப் பார்த்துவிட்டு, மொதலாளி, இது சாமிக் கயிறுதான், ஆனா காத்துக்கு அது தெரியுமா, மணிலாக் கயிறே கட்டுவோம் என்றான். வாயை மூடுடா, கட்டுடா என்றேன். கட்டினான்.

பூலாய் ஆற்று முகத்துவாரம் தாண்டியதும், விடியப்போகும் சுபுஹு நேரத்தில் சுமத்ராக் காற்று வந்தது. மேற்கு முழுவதும் கறுத்து, மழை கல்லாக முகத்தில் அடித்தது, படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. பாயை இறக்கு என்று கத்தினேன். லியாக்கத் ஓடிப்போய்க் கை வைத்தானோ இல்லையோ, கயிறு நடுவில் படாரென்று அறுந்து குறுக்குமரம் அவன் தலையில் விழுந்தது. மண்டை பிளந்தது மகனே. அலை கழுவக் கழுவ ரத்தம் வந்துகொண்டே இருந்தது. என் மடியில்தான் போனான், நான் பிடித்திருந்தும் உம்மா என்றுதான் கூப்பிட்டான். துறையில் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்க, வேலு போட்ட முடிச்சு என்று என் வாய் சொன்னது. அதோடு நிற்காமல் துடுப்பை எடுத்து அவனை அடித்தேன். இடது கை முறிந்த சத்தம் கேட்டது, அப்புறமும் அடித்தேன், பல் தெறித்தது. முடிச்சு அப்படியே இறுகிக் கிடந்ததை நானும் அவனும் பார்த்திருந்தோம். பதினான்கு வருஷமாக யாரும் அவனைப் படகில் ஏற்றவில்லை, மிளகுத் தோட்டத்தில் ஒற்றைக் கையால் காடு வெட்டுகிறான்.

மகன் கை பட்ட கயிறு என்று மிச்சத்தைப் பெட்டியில் வைத்திருந்த உம்மா, உன் கடிதம் கண்டதும் எடுத்துப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். பிடுங்கினேன், விடவில்லை, அவளையும் தள்ளிவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். விறகுக் கட்டையில் போட்டுக் கோடாலியால் வெட்டினேன். வருஷா வருஷம் சந்தனம் பூசி வெளியே லட்சணமாக இருந்த கயிறு, உள்ளே மூக்குப்பொடியாக உதிர்ந்தது. முடிச்சு அவுந்துச்சுன்னு சொன்னீங்களே என்றாள் உம்மா. எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுவது லாத்தாதான்.

மறுநாள் வேலு வீட்டு வாசலில் நின்று, சுப்ஹானுக்குக் கயிறு பார்த்துக் கொடு என்றேன். கையிலிருந்த பாராங் கத்தியை அவன் கீழே வைக்கவில்லை, வெட்டினால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். தம்பிக்காக வர்றேன், உங்களுக்காக இல்ல, மொதல்ல துறையில உண்மையச் சொல்லுங்க என்றான். சொன்னேன். சிலர் காறித் துப்பினார்கள். பிறகு ஜோகூர் பாருவில் சீனர் கடையில் ஏழு சுருளைப் புரி பிரித்து முகர்ந்து தள்ளிவிட்டு எட்டாவதை எடுத்தான்.

இத்துடன் மூன்று கயிறு வருகிறது. அந்த எட்டாவது சுருள் மணிலாக் கயிறு, பாய் ஏற்ற. தார் பூசியது பாய்மரத்தை இருபக்கமும் தாங்க. மெத்தென்ற பருத்திக்கயிறு பாயின் கீழ்முனையைப் பிடிக்க, அதைக் கட்டிவைக்காதே, காற்று அடித்தால் உடனே விட வேண்டும், கையிலேயே வைத்திரு. மாதம் ஒருமுறை புரியைப் பிரித்து உள்ளே பார், வெளியழகைப் பார்த்து ஏமாறாதே முட்டாள் பயலே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தைத் தரட்டும், கரை உன் கண்ணை விட்டு மறையாதிருக்கட்டும். நுனிகளில் நூல் சுற்றியது வேலு. இடது கை நீளாததால், மிச்சமிருக்கும் பல்லில் கயிற்றைக் கடித்துக்கொண்டு சுற்றினான், அதை அவிழ்த்துவிடாதே. அவனுக்குத் தனியாகக் கடிதம் போடு, வேலு அண்ணன் என்று எழுது. எனக்கு எழுத மனம் வராவிட்டால் உம்மாவுக்காவது எழுது.

அந்தக் கயிற்றைக் கட்டச் சொன்ன
உன் வாப்பா
சேகு மதார்