பள்ளிக் கேற்றடியில் நின்ற மகனுக்கு

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை

மகன் முத்தலிபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஸலாமுக்குப் பதில் சொல்ல நீ போய்ச் சேர்ந்த கூட்டத்தில் அனுமதி இருக்கிறதோ தெரியாது, என் கடமைக்குச் சொல்லிவிட்டேன். கத்தாரில் சூடு கடுமையாம். நீ சுகமாகத்தான் இருப்பாய், கல்லுக்கு என்ன வரப்போகிறது. போனில் கதைத்தால் இடையில் எனக்கு மார்க்கம் படிப்பிக்கப் பயான் தொடங்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நற்பிட்டிமுனைக் காணியில் வெள்ளாமை வெட்டியாயிற்று. மூத்தவள், உன் ராத்தா சிபானாவின் மாப்பிள்ளை றமீஸ்தான் வெயிலில் நின்று பார்த்தான். நீ அனுப்பிய குரல் பதிவையும் அவன்தான் போட்டுக் காட்டினான். இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதுகிற நாங்கள் வழிகெட்ட ஃபிர்காவாம், அந்தப் பேரின் அர்த்தத்தைத் தேடிப் பார்த்து நான் தௌபாச் செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நல்லது மகன், தேடினேன். முகம்மது தம்பி மௌலவியிடம் கேட்டேன். பிரித்தல் என்ற கருத்துள்ள அறபு வேரில் வந்த சொல்லாம், ஃபிர்கா என்றால் பிரிந்துபோன கூட்டமாம். மூஸா நபிக்குக் கடல் பிளந்ததைச் சொல்லும் குர்ஆன் ஆயத்திலும் அந்த வேர்தானாம், தலையில் எடுக்கிற வகிட்டுக்கும் அதுதானாம். சொல்லில் ஏச்சு இல்லை, ஆட்கள்தான் அதை ஏச்சாக்கினார்கள் என்றார். "ஒவ்வொருத்தனும் மத்தவனத்தான் ஃபிர்கா எண்டுவான், தன்னச் சொன்ன ஒருத்தன நான் இன்னும் காணல்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வயது வரைக்கும் உனக்கு வகிடு எடுத்துவிட்டவள் நான்.

வாப்பா மவுத்தானபோது அன்று பின்னேரம் அஸருக்கு அடக்க வேண்டிய மையித்தை, நீ வந்து சேர வேண்டும் என்று அடுத்த நாள் பகல் ளுஹர் வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தோம். தன் மையித்துத் தொழுகையை மகன் தொழுவிக்க வேண்டும், அது ஒன்றுதான் அந்த மனிசன் கடைசியாகக் கேட்டது. தொழுவிக்க நின்ற லெவ்வை தன் இடத்தை விட்டு விலகி, "வா மனெ, உன்ட வாப்பாதானே, நீ முன்னுக்கு நில்லு" என்று மூன்று தரம் கூப்பிட்டார். அவ்லியா பேரில் கந்தூரிச் சோறு கொடுக்கிற பள்ளிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு கேற்றடியில் நின்றாய். ஊரே பார்த்தது. றமீஸ்தான் தொழுவித்தான். இப்போது சொல், பிரிந்துபோனது யார்?

உன்னைச் சுமந்த வயிற்றில் இப்போது ஒரு கட்டி. டொக்டர் கைவிட்டுவிட்டார். நீ ஓடிவரத் தேவையில்லை. உனக்காக என் மையித்தை ஒரு மணித்தியாலமும் வைத்திருக்கக் கூடாது என்று பள்ளியை நடத்துகிற மரைக்காயரிடம் சொல்லிவிட்டேன், ஓம் என்று ஒத்துக்கொண்டார். எனக்கும் றமீஸ்தான் தொழுவிப்பான்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, சின்னதிலிருந்தே உனக்குத் தலையிடி வரும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், இதையெல்லாம் நினைத்துக்கொண்டு இருப்பதற்கு. ஒன்றை மட்டும் மறக்காதே. தப்பித்தவறி நேரத்துக்கு வந்து சேர்ந்தால் பள்ளிக்குள் வராதே. கேற்றடியில் நில், இடம் உனக்குத் தெரியும்தானே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வழிகெட்ட ஃபிர்கா,
உம்மா ஸைனம்பு