எண்பது நொடியில் ஒரு மைல்

ஹேஸ், கான்சாஸ்
12 மே 2004

அன்புள்ள டேமியன்,

எனக்குக் கண் மங்கிவிட்டது என்று உன் அக்கா முதல் ரொட்டிக்கடை வரை பேச்சு. அது தவறு. வேகமுள் அறுபத்தைந்து மைலில் நின்றதைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். என்னை நிறுத்திய காவலர், "எண்பத்திரண்டுல வந்தீங்கம்மா. இந்தக் கிழட்டு வண்டிய இப்படி ஓட வச்சது யாரு?" என்றார். என் மகன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அப்பாவின் 1953 பிக்கப் வண்டி நாற்பத்தைந்தைத் தாண்டினாலே அலறும். ஈஸ்டருக்கு வந்து பின் அச்சின் பல்சக்கரங்களை மாற்றினாய், வண்டித் தரையில் கம்பளம் விரித்தாய், கதவுகளுக்கு ரப்பர் வைத்தாய். வியாழன்தோறும் கிரேட் பெண்ட் முதியோர் இல்லத்துக்கு, என் அக்கா லியோனாவைப் பார்க்கப் போகும் வழியில் ஜெபமாலை சொல்கிறேன். என் குரல் எனக்கே கேட்டது இந்த வசந்தத்தில்தான்.

காவலர் நிறுத்திய பிறகு, சனிக்கிழமை நானே சோதித்தேன். நம் குறுக்குச் சாலைகள் மைலுக்கு ஒன்று. முள்ளை நாற்பத்தைந்தில் நிறுத்தி, பக்கத்து வீட்டு ஹில்டாவிடம் கடிகாரத்தைக் கொடுத்தேன். ஒரு மைலுக்கு எண்பது நொடி ஆகவேண்டும். மூன்று முறையும் அறுபத்துமூன்று. "பொய் சொல்றது உன் கடிகாரமா, உன் வண்டியா?" என்றாள்.

மறுநாள் அன்னையர் தினம். நீ பூங்கொத்தோடு வந்தாய். இதைச் சொல்ல வாயெடுத்தேன். "போதும்மா, உங்களுக்கு எண்பத்தொண்ணு" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாய்.

நீ செய்த வேலையைச் சரிபார்.

உன் தாய்,
ஓட்டிலியா டிரைலிங்

விச்சிட்டா
20 மே

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கணக்கு சரி. பின் அச்சை மாற்றினால் வேகமுள்ளை ஓட்டும் சிறு பல்சக்கரத்தையும் மாற்றவேண்டும். மறந்துவிட்டேன். என் கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதே அதுதான். முள் குறைத்துக் காட்டியிருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை. அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "அம்மாகிட்ட கணக்குல மோதாதேன்னு அப்பவே சொன்னேனே" என்று சிரித்தாள்.

சரியான சக்கரம் வந்துவிட்டது. ஜூனில் வந்து மாட்டுகிறேன். இருக்கைக்குப் புதிய ஸ்பிரிங்கும் கொண்டுவருகிறேன். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மன்னிப்புடன்,
டேமியன்

ஹேஸ்
28 மே

அன்புள்ள டேமியன்,

மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். மறதி யாருக்கும் வரும்.

நேற்று ஹில்டா தன் காரில் என்னை அழைத்துப் போனாள். இரண்டு வியாழன் நான் போகவில்லை. "நீயும் விட்டுட்டியோன்னு நெனச்சேன்டி" என்றாள் லியோனா. வண்டி பழுது என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ஹில்டாவை வாராவாரம் கேட்கமுடியாது, கேட்கவும் மாட்டேன்.

உன் கடிதத்தில் சக்கரம் இருக்கிறது, ஸ்பிரிங் இருக்கிறது. சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'மற்றது' என்று எழுதியிருக்கிறாய்.

முள் சரியானாலும் நான் ஓட்டக்கூடாது என்று நீ நினைத்தால், அதை எழுது. படித்துவிட்டு வண்டியை விற்றுவிடுகிறேன்; பிறகு அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். அப்படி நினைக்கவில்லை என்றால், சாவியை உறையில் வைத்து அனுப்பு. சக்கரம் மாட்டும்வரை முள்ளை ஐம்பதுக்கு மேல் விடமாட்டேன்.

எதுவானாலும் தொலைபேசியில் வேண்டாம். அடுத்த வியாழனுக்குள் கிடைக்கும்படி, உன் கையால் எழுதி அனுப்பு.

உன் தாய்,
ஓட்டிலியா டிரைலிங்