இனியா கேட்ட ஒரே கேள்வி

ஜேடர்பாளையம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த வெயில் தேசத்தில் நோய் நொடியில்லாமல் இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்லும்போதே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் அம்மா பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பூபதியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே அம்மா வறுத்த கடலையும் நாட்டுச்சர்க்கரையும் கட்டி வைத்திருக்கிறாள். முதலில் இதைப் படி, கடலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மழை ஏமாற்றிவிட்டது, அணையில் பாறை தெரிகிறது. அம்மாவுக்கு முட்டிவலி, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர், அதை நான் ஞாபகப்படுத்தினால் என்மேல் எரிந்து விழுகிறாள். போன ஞாயிறு மட்டும் வலியெல்லாம் எங்கே போனதோ, விடியும் முன்னே எழுந்து கோழிக்குழம்பும் பணியாரமும் செய்து கிளம்பிவிட்டாள். நம் பேத்தி இனியாவின் ஆஸ்டலில் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்க்கிற நாள். நீ இதைக் கண்ணால் பார்த்ததில்லை. நாமக்கல் தாண்டினதிலிருந்து ரோடெல்லாம் கார், பள்ளிக்கூட மைதானத்தில் மரத்துக்கு மரம் ஜமுக்காளம் விரித்துத் தூக்குப்போசியைத் திறந்து வைத்து, தோளுக்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தால் ஏதோ கோயில் நோன்பி மாதிரி இருக்கும். ஆனால் பிள்ளைகளிடம் சத்தம் இல்லை. நம் இனியா வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, உட்காரட்டுங்களா என்று உன் அம்மாவிடம் கேட்டாள். இன்னொரு துண்டு எடுத்துக்கட்டுங்களா என்றாள், தண்ணி குடிக்கட்டுங்களா என்றாள். இந்த மாதிரிப் பள்ளிக்கூடங்களை பிராய்லர் பள்ளி என்று ஊரில் கேலி பேசுகிறார்கள். முப்பது வருஷமாகக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவன் சொல்கிறேன், கூண்டுக்குள் இருந்தாலும் கோழி கத்தும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஏன் அப்பச்சி ஏன் அப்பச்சி என்று என் உயிரை வாங்கினவள் அவள். எட்டாவது வரை நம்மூர் இன்பமேரி டீச்சர் பள்ளியில் அப்படித்தான் வளர்த்தார்கள். பிள்ளை கேட்கிற கேள்வியில்தான் பாடம் தொடங்கும், பிள்ளை முன்னால் போகட்டும், நாம் பின்னால் போவோம் என்று அந்த அம்மா சொன்னபோது, அப்புறம் எதுக்குங்க டீச்சர் சம்பளம் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு கோடையில் முட்டை ஓடு ஏன் மெலிசாக இருக்கிறது என்று கேட்டாள். வெயில்தான் என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. வகுப்பே பண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. மத்தியானத்தில் கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன, தீவனத்தைத் தொடவில்லை என்று கண்டுபிடித்து, விடியற்காலையில் தீவனம் போடச் சொன்னார்கள். பொடிசுகள் எனக்கு யோசனை சொல்வதா என்று கத்தினேன், ஆனால் போட்டேன். ஓடும் கொஞ்சம் கெட்டிப்பட்டது. அந்த ஒரு மாதத்தில் அவள் படித்த கணக்கும் விஞ்ஞானமும் எந்தப் புத்தகத்திலும் வராது.

அதெல்லாம் நாமகிரிப்பேட்டைக் கல்யாணத்தில் ஒரு நிமிஷத்தில் போயிற்று. நம் மாப்பிள்ளையின் பெரியப்பா சபை நடுவில் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டார், இவள் யோசித்து யோசித்துச் சொன்னாள், அவர் உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சேதி மஸ்கட்டுக்கு வந்து, ஒன்பதாவதுக்கு ஆஸ்டல்தான் என்று நீ முடிவு செய்தாய். பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் பெற்றவளுக்கு இருக்காதா, அதை நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடந்ததை அவள் கூடப் படிக்கிற பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பத்தாவது பாடம்தான் நடத்துகிறார்கள், பொதுப் பரீட்சை பத்தாவதில்தானே. முதல் வாரமே இவள் எழுந்து, அப்போ ஒன்பதாவது பாடத்தை எப்போ சார் படிப்போம் என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு சிரித்தது. அவர் சாயங்காலம் வரை நிற்க வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவள் வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லையாம்.

அந்த ஞாயிறு நீ வீடியோவில் வந்தபோது அவள் முகம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று சந்தோஷப்பட்டாயே, அதற்கு முன் நடந்ததை உனக்குச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். உன் பெயர் போனில் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட என்ன சொல்லோணுங்க அப்பச்சி?" என்று கேட்டாள். உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு சாமி என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சரியான விடையை என் முகத்தில் தேடினாள் ரஞ்சிதா, நான் என்ன செய்வேன். அதற்குள் நீ வந்துவிட்டாய். நல்லா இருக்கேம்மா என்றாள், நீ சிரித்தாய். மணி அடித்ததும் வாயில் இருந்த பணியாரத்தை விழுங்காமலே போய் வரிசையில் நின்றாள்.

அவளை அங்கிருந்து நிறுத்திக் கூட்டிப்போகக் கேட்டதற்கு, பெற்றவள் சொல்லாமல் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று பள்ளி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அரையாண்டு லீவுக்கு வருகிறவளைத் திரும்ப அனுப்ப எனக்கு மனசில்லை. பகலில் நம்மூர் ஹைஸ்கூல், சாயங்காலம் இன்பமேரி டீச்சர். டீச்சரிடம் பேசிவிட்டேன். பதினாறாம் வாய்ப்பாட்டை நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன், போதுமா. நீ ஒரு வார்த்தை சொல்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடு வாழவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே சாமி. அடுத்த முறை அவளிடம் பேசும்போது, நல்லா இருக்கேன் என்று சொன்னதும் போனை வைத்துவிடாதே. மார்க்கும் கேட்காதே. கொஞ்ச நேரம் சும்மா இரு.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும் அப்பா,
சின்னண்ணன்